விண்டோஸ்ல ரெண்டு தடவை, மேக்ல ஒரு தடவை: டெர்மினல் ஆப் பத்தி வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை முழுக்க ஒரே சப்ஜெக்ட்தான். டெர்மினலுக்குள்ளயே, அதாவது கமாண்ட் டைப் பண்ற அந்த எழுத்து ஜன்னலுக்குள்ளயே, மெனு, டேபிள், பட்டன், ஸ்க்ரோல்னு எல்லாத்தோடயும் ஓடுற ஆப், அதுவும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஒரே கோட்ல ஓடணும். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன், ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: பைத்தான்ல கர்சஸ் வச்சு சரக்கு இருப்பு பாக்கிற ஒரு சின்ன டூல் எழுதினேன். வீட்ல லினக்ஸ்ல சூப்பரா ஓடுது. ஆபீஸ்ல விண்டோஸ் மெஷின்ல போட்டா இம்போர்ட் லைன்லயே செத்துடுது. பைத்தான் எல்லா ஓஎஸ்லயும் ஓடும்னுதானே சார் சொல்றாங்க?

பதில்: பைத்தான் ஓடுது, கர்சஸ்தான் ஓடல. டெர்மினல் திரையைக் கையாள பைத்தானோட கூடவே வர்ற அந்த மாட்யூல் சொந்தமா எதுவும் செய்யறதில்ல, கீழ இருக்கிற என்கர்சஸ்ங்கற சி லைப்ரரியைக் கூப்பிடுது, அவ்வளவுதான். விண்டோஸுக்கு வர்ற பைத்தான் இன்ஸ்டாலர்ல அந்தப் பகுதி கிடையாது. அவசரத்துக்கு பிப்ல, அதாவது பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல்ல, விண்டோஸ்-கர்சஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, போட்டுப் பாருங்க, உங்க கோட் அனேகமா அப்படியே ஓடும். அது உள்ள பிடிகர்சஸ்ங்கற வேற லைப்ரரியை யூஸ் பண்ணுது, அதனால சில கீ, சில கலர் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி நடந்துக்கும்.

ஆனா இது ஏன் இப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா மத்த எல்லா கேள்விக்கும் பாதி பதில் கிடைச்சுடும், அதனால கொஞ்சம் பின்னாடி போறேன். 1970-கள்ல டெர்மினல்ங்கறது ஒரு தனிப் பொட்டி, கம்ப்யூட்டர் வேற எங்கயோ இருக்கும், நடுவுல ஒரு ஒயர். கர்சரை மேல நகர்த்துன்னு சொல்றதுக்கு ஒவ்வொரு கம்பெனி பொட்டிக்கும் ஒவ்வொரு கோட். இதைச் சமாளிக்கத்தான் விஐ எடிட்டர் எழுதின பில் ஜாய் டெர்ம்கேப்னு ஒரு டேட்டாபேஸ் வச்சாரு, எந்தப் பொட்டிக்கு என்ன அனுப்பணும்னு அதுல எழுதியிருக்கும். அதுக்கு மேல பெர்க்லில கென் ஆர்னால்ட் 1980 வாக்குல கர்சஸைக் கட்டினாரு, ரோக்ங்கற கேம் அதை வச்சுதான் எழுதினாங்க. இதுக்கு நடுவுல 1978ல டிஇசி கம்பெனி விடி100ன்னு ஒரு டெர்மினல் விட்டுச்சு, அது பேசின எஸ்கேப் கோட் எல்லாருக்கும் பிடிச்சுப்போய், இன்னிக்கு நம்ம மேக்லயும் லினக்ஸ்லயும் இருக்கிற அத்தனை டெர்மினலும் அந்த பாஷையைத்தான் பேசுது. அதாவது எழுத்தோட எழுத்தா "எஸ்கேப், சதுர அடைப்பு, ஒரு நம்பர், ஒரு எழுத்து"ன்னு அனுப்பினா அந்தப் பக்கம் புரிஞ்சுக்கிட்டு கலர் மாத்தும், கர்சரை நகர்த்தும்.

விண்டோஸ் வேற வம்சம். அங்க கன்சோல்ங்கறது ஓஎஸ்ஸோட ஒரு பகுதி, இந்த இடத்துல இந்த எழுத்தை வைன்னு ஃபங்ஷன் கால் பண்ணணும், எஸ்கேப் கோட் அனுப்பினா அதையே அம்புக்குறியும் அடைப்புமா திரைல துப்பிடும். விண்டோஸ் 10 வந்ததுக்கு அப்புறம்தான் அந்த கன்சோலுக்கு விடி பாஷை புரிய ஆரம்பிச்சுது, 2018ல கன்சோல் ஆப்பை வேற டெர்மினல் புரோகிராமுக்குள்ளயும் ஓட்ட கான்பிடிஒய்னு ஒரு வசதி சேர்த்தாங்க, 2020ல விண்டோஸ் டெர்மினல் 1.0 வந்துச்சு. இப்பவும் புரோகிராம் தானா ஒரு ஃபிளாகை ஆன் பண்ணினாதான் அந்த பாஷை வேலை செய்யும். பைத்தான்ல காலியா ஒரு ஷெல் கமாண்டை ஓட்டினா கலர் வந்துடுதுன்னு ஒரு டிப்ஸ் சுத்திக்கிட்டு இருக்கே, அதோட ரகசியம் இதுதான், அந்த ஷெல் போற போக்குல ஃபிளாகை ஆன் பண்ணிட்டுப் போயிடுது. நல்ல லைப்ரரி எல்லாம் இதை முறையாவே பண்ணிடும்.

மனசுல வச்சுக்க வேண்டியது ஒண்ணுதான், நீங்க திரைல வரையறதே இல்ல. தந்தி அடிக்கிற மாதிரி எழுத்தை அந்தப் பக்கம் அனுப்புறீங்க, வரையறது டெர்மினல்ங்கற இன்னொரு புரோகிராம், அது எது, எந்த வெர்ஷன், உங்களை மாதிரியே எண்ணுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. அனுப்புற பக்கம், அதாவது கலர், பெட்டி, கர்சர் எல்லாம் இன்னிக்கு ஓரளவு ஒண்ணாயிடுச்சு. கீபோர்டும் எழுத்தோட அகலமும்தான் இன்னும் ஆளாளுக்கு ஒரு மாதிரி இருக்கு.

கேள்வி: எந்த லாங்குவேஜ், எந்த லைப்ரரி நல்லது? ஒரே வரில சொல்லுங்க.

பதில்: உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச லாங்குவேஜ். ஒரு வரி ஆச்சு, இனிமே கொஞ்சம் விளக்கமா.

லாங்குவேஜை விட எந்த மாதிரி யோசிக்கிற லைப்ரரிங்கறதுதான் முக்கியம். பட்டன், டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ்னு பொருளை உருவாக்கி வச்சுட்டு, கிளிக் ஆனா என்ன பண்ணணும்னு சொல்லிவைக்கிறது ஒரு வகை. பைத்தான்ல டெக்ஸ்சுவல், டாட்நெட்ல டெர்மினல்.குய், கோ லாங்குவேஜ்ல டிவியூ எல்லாம் இந்த வகை. டெக்ஸ்சுவல்ல சிஎஸ்எஸ் மாதிரியே ஒரு ஸ்டைல் ஃபைல் கூட இருக்கும், வெப் பண்ணிப் பழகினவங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஃபார்ம் நிறைய இருக்கிற ஆபீஸ் டூலுக்கு இதுதான் சரி, டேப் அழுத்தினா அடுத்த பாக்ஸுக்குப் போறதையெல்லாம் நீங்க எழுத வேண்டாம்.

ரெண்டாவது, ஒவ்வொரு தடவையும் முழுத் திரையையும் நீங்களே சொல்றது, ரஸ்ட்ல ரேட்டடூயி அப்படி. பொருள்னு எதுவும் உயிரோட இருக்காது, உங்க டேட்டா மட்டும் இருக்கும், அதைப் பார்த்து ஒவ்வொரு ஃப்ரேமும் புதுசா வரைவீங்க. கண்ட்ரோல் முழுக்க உங்க கைல, ஆனா இன்புட் பாக்ஸ்ல கர்சர் எங்க இருக்குன்றது வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும், அதுக்குன்னு தனி கிரேட் (ரஸ்ட்ல பேக்கேஜுக்கு அதான் பேர்) தேடி அலைவீங்க. மூணாவது எல்ம் லாங்குவேஜ்ல இருந்து வந்த முறை, நிலைமை ஒண்ணு, அதை மாத்துற ஃபங்ஷன் ஒண்ணு, அதைப் பார்த்து திரையை ஒரு பெரிய ஸ்ட்ரிங்கா திருப்பித் தர்ற ஃபங்ஷன் ஒண்ணு. கோ லாங்குவேஜ்ல பபிள் டீ இதுக்குப் பேர் போனது. ஜாவாஸ்கிரிப்ட்காரங்களுக்கு இங்க் இருக்கு, அது வெப் பேஜ் கட்டுற ரியாக்ட் லைப்ரரியேதான், கீழ பிரவுசருக்குப் பதிலா டெர்மினல்.

அடுத்தவங்க மெஷினுக்கு அனுப்பணும்னா கோ இல்ல ரஸ்ட் எடுங்கன்னுதான் சொல்வேன், ஒரே ஃபைல், காப்பி பண்ணினா ஓடும். அதுலயும் கோ லாங்குவேஜ்ல லினக்ஸ்ல உட்கார்ந்துகிட்டே விண்டோஸுக்கு பில்ட் பண்றதுக்கு ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிள் மாத்தினா போதும். பைத்தானை இன்னொருத்தர் விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணி, பிப் பண்ணி, பாத் சரி பண்ணி... நீங்க ஆப் எழுதின நேரத்தை விட அதுக்கு போன்ல பேசுற நேரம் ஜாஸ்தியாயிடும்.

கேள்வி: அண்ணா, ரஸ்ட்ல ரேட்டடூயி கத்துக்கிட்டு இருக்கேன். கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினா என் விண்டோஸ் லேப்டாப்ல லிஸ்ட் ரெண்டு வரி இறங்குது. ஃபிரெண்டோட மேக்ல அதே கோட் ஒரு வரிதான் இறங்குது. என் கீபோர்டு போயிடுச்சா?

பதில்: கீபோர்டு நல்லா இருக்கு தம்பி, வாங்கி மாத்திடாதீங்க. விண்டோஸ் கன்சோல் கீயை அழுத்தினதை ஒரு நிகழ்வா சொல்லும், கையை எடுத்ததை இன்னொரு நிகழ்வா சொல்லும். யூனிக்ஸ் பக்கம் டெர்மினல் எழுத்தைத்தான் அனுப்புது, கையை எடுத்தாங்கறதை அதுல சொல்லவே வழியில்ல. ரேட்டடூயிக்கு கீழ இருக்கிற கிராஸ்டெர்ம் ரெண்டையும் உங்ககிட்ட அப்படியே குடுத்துடும். நிகழ்வுல அதோட வகை என்னன்னு ஒரு ஃபீல்டு இருக்கும், அது "பிரஸ்"ஸா இருந்தா மட்டும் வேலை பார்க்கிற மாதிரி ஒரு இஃப் போடுங்க. அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து போகணும்னா "ரிப்பீட்"டையும் சேர்த்துக்கங்க. இந்த ஒரு வரி இல்லாததால கேட்கிறவங்க எக்கச்சக்கம், நீங்க தனி ஆள் இல்ல.

கேள்வி: என் ஆப்ல எஸ்கேப் அழுத்தினா மெனு மூட ஒரு செகண்ட் ஆகுது. கன்ட்ரோல்-ஐ அழுத்தினா டேப் அழுத்தின மாதிரி அடுத்த பாக்ஸுக்குப் போகுது. கன்ட்ரோல்-எம் அழுத்தினா என்டர். இதெல்லாம் பக் (பிழை) தானா?

பதில்: பக் இல்ல, வரலாறு. கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு எழுத்தை அழுத்தினா அந்த எழுத்துக்கு கம்ப்யூட்டர் வச்சிருக்கிற ஆஸ்கி எண்ல கடைசி அஞ்சு பிட் மட்டும்தான் போகும். ஐ-க்கு 73, அதுல 64 போனா 9, ஒன்பதுதான் டேப். எம் 77, மிச்சம் 13, அது என்டர். திறக்கிற சதுர அடைப்பு 91, மிச்சம் 27, அதுதான் எஸ்கேப். டெர்மினல் உங்களுக்கு அனுப்புறது அந்த ஒத்தை எண்தான், யூசர் எந்தக் கீயை அழுத்தினாருன்னு உங்க ஆப்புக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரியாது. விண்டோஸ்ல பழைய கன்சோல் வழியா படிச்சா ரெண்டும் தனித்தனியா வரும், அதனாலதான் விண்டோஸ்ல டெஸ்ட் பண்ணி "கன்ட்ரோல்-ஐ வேலை செய்யுதே"ன்னு ஷார்ட்கட் வச்சுட்டு அப்புறம் லினக்ஸ்காரங்ககிட்ட திட்டு வாங்குறோம்.

எஸ்கேப் லேட்டாகுறதும் இதே குடும்பம்தான். மேல் அம்புக்குறி அழுத்தினா போறது மூணு எழுத்து, எஸ்கேப், சதுர அடைப்பு, பெரிய ஏ. அப்ப 27 மட்டும் வந்து நின்னா அது நிஜ எஸ்கேப்பா, இல்ல அம்புக்குறியோட முதல் எழுத்தா, மிச்சம் ரெண்டு வழில இருக்கான்னு லைப்ரரி காத்திருந்து பார்க்குது. என்கர்சஸ்ல அந்தக் காத்திருப்பு சும்மா விட்டா 1000 மில்லி செகண்ட், மெதுவான ஒயர் காலத்துக் கணக்கு. 25ல இருந்து 50க்குள்ள குறைச்சுடுங்க, பைத்தான் 3.9ல இருந்து அதுக்கு ஒரு ஃபங்ஷனே இருக்கு. அப்படியும் டிமக்ஸுக்குள்ள (ஒரே டெர்மினலைப் பல பகுதியா பிரிச்சுத் தர்ற டூல்) ஓட்டுறப்ப மட்டும் லேட்டாச்சுன்னா டிமக்ஸ் தானும் தனியா காத்திருக்குன்னு அர்த்தம், ரொம்ப நாளா அதோட வழக்கம் 500 மில்லி செகண்டா இருந்துச்சு, பழைய வெர்ஷன்னா அதோட செட்டிங்கையும் குறைக்கணும்.

இதையெல்லாம் ஒழுங்கு பண்ண கிட்டி டெர்மினல் ஆளுங்க ஒரு புது கீபோர்டு புரோட்டோகால் கொண்டுவந்தாங்க, ஃபுட், கோஸ்ட்டி, அலாக்ரிட்டின்னு பல டெர்மினல்ல இப்ப இருக்கு, ஆனா எல்லாத்துலயும் இல்ல. அதனால என் வழி இதுதான், ஷார்ட்கட்டுக்கு ஒத்தை எழுத்து, அம்புக்குறி, என்டர், எஸ்கேப், கேள்விக்குறி போட்டா உதவி, இதோட நிறுத்திக்கிறது. எஃப்10, எஃப்11 எல்லாம் பல இடத்துல டெர்மினல் ஜன்னலே பிடுங்கிக்கும், உங்க ஆப்புக்கு வந்தே சேராது. கன்ட்ரோல்-ஷிஃப்ட் சேர்த்து ஷார்ட்கட் வைக்கிறவங்களுக்கு என் அனுதாபங்கள்.

கேள்வி: டேபிள்ல இங்கிலீஷ் பேர் போட்டா பார்டர் நேரா நிக்குது. தமிழ்ப் பேர் போட்டா வலது பக்கக் கோடு பாம்பு மாதிரி வளையுது, அதுவும் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு. என்ன பண்ணியும் சரியாகல.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன், உட்காருங்க.

டெர்மினல் திரைங்கறது கட்டம் போட்ட நோட்டு. ஒரு எழுத்து ஒரு கட்டம், சீன எழுத்து, பாதி எமோஜி எல்லாம் ரெண்டு கட்டம். உங்க லைப்ரரி தன்கிட்ட இருக்கிற அட்டவணையைப் பார்த்து "இந்தப் பேருக்கு இத்தனை கட்டம்"னு கணக்கு போட்டு, மிச்சத்துக்கு ஸ்பேஸ் நிரப்பி, அப்புறம் கோடு போடுது. டெர்மினல் தன்கிட்ட இருக்கிற வேற அட்டவணையைப் பார்த்து வரையுது. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா கோடு வளையும்.

இப்ப "தமிழ்"ங்கற சொல்லையே எடுத்துக்கங்க. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற யூனிகோட்ல த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு அஞ்சு. அதை ஃபைல்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல 15 பைட். பைத்தான்ல நீளம் சொல்ற லென் ஃபங்ஷனைக் கேட்டா 5ன்னு சொல்லும். லென்னை வச்சு ஸ்பேஸ் நிரப்பினா அங்கயே தப்பு ஆரம்பிச்சுடுது, நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க.

சரி, லென்னை விட்டுட்டு அகலம் பார்க்கிற ஃபங்ஷனுக்கே போனாலும் பிரச்சனை தீராது. யூனிகோட்ல துணைக்குறிகளை ரெண்டு வகையா பிரிச்சிருக்காங்க, இடம் எடுத்துக்காத குறி, இடம் எடுத்துக்கிற குறின்னு. தமிழ்ல புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. கால், இகரக் கொக்கி, உகரம், ஊகாரம், கொம்பு எல்லாம் ரெண்டாவது வகை. ஆமா, "கி"யோட கொக்கி ஒரு வகை, "கீ"யோட சுழி இன்னொரு வகை, ஏன்னு என்கிட்ட கேட்காதீங்க. பழைய அட்டவணைகள் முதல் வகைக்கு சைபர் கட்டமும் ரெண்டாவது வகைக்கு ஒரு கட்டமும் குடுக்கும், அதனால "கீ"க்கு ஒண்ணு, "கி"க்கு ரெண்டு. புது அட்டவணைகள் சிலது ரெண்டு வகையையுமே சைபர்னு வைக்குது, பைத்தானோட டபிள்யூசிவிட்த் பேக்கேஜ் கூட பின்னாடி வந்த வெர்ஷன்ல அப்படி மாறிடுச்சு. அப்ப "தமிழ்" பழைய கணக்குல நாலு கட்டம், புது கணக்குல மூணு. லைப்ரரி ஒரு கட்சி, டெர்மினல் இன்னொரு கட்சின்னா வரில எத்தனை கொக்கி, கால் இருக்கோ அத்தனை கட்டம் கோடு நகரும், நீங்க சொன்ன "ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு" இதுதான்.

இதுல இன்னொரு கூத்து, "மொழி"ங்கறதை நாலு குறியாவும் எழுதலாம், அஞ்சு குறியாவும் எழுதலாம், ஏன்னா ஒகரக் குறியை ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு பிரிச்சும் வைக்கலாம், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், அகலக் கணக்கு மாறிடும். பழைய மேக் டிஸ்க்ல இருந்து வந்த ஃபைல் பேர் எல்லாம் பிரிச்ச வடிவத்துலதான் இருக்கும். அதனால டேட்டா உள்ள வர்றப்பவே என்எஃப்சிங்கற சேர்த்த வடிவத்துக்கு மாத்தி ஒண்ணாக்கிடுங்க, எல்லா லாங்குவேஜ்லயும் இதுக்கு ஃபங்ஷன் இருக்கு. ரெண்டு வரி வேலை, தேடுறதுக்கும் வரிசைப்படுத்துறதுக்கும் கூட நல்லது.

அடுத்து டெர்மினலையே கேட்கலாம். கர்சர் எங்க இருக்குன்னு கேட்க ஒரு எஸ்கேப் கோட் இருக்கு, பதிலா வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் வரும். ஆப் ஆரம்பிக்கிறப்ப ஒரு ஓரத்துல "கி"ன்னு எழுதி, கர்சர் எத்தனை நகர்ந்துச்சுன்னு கேட்டு, உடனே அழிச்சுடுங்க, இந்த டெர்மினல் எந்தக் கட்சின்னு தெரிஞ்சுடும். அதுக்கேத்த மாதிரி நீங்களே அகலம் கணக்கு பண்ற ஃபங்ஷனை எழுதிக்கலாம், லைப்ரரி விட்டா. நிறைய லைப்ரரி விடாது, அதுதான் சோகம்.

அப்ப டிசைன்லயே தப்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம். தமிழ் வர்ற நெடுவரிசையை டேபிள்ல கடைசில வைங்க, வலது பக்கம் கோடே வேண்டாம், மேலயும் கீழயும் மட்டும் கோடு. எண், தேதி, நிலைமை எல்லாம் இடது பக்கம் நேரா நிக்கும், பேர் வலது பக்கம் தன் இஷ்டத்துக்கு நீளட்டும், யாருக்கும் கண்ணு உறுத்தாது. பெட்டிக்குள்ள பெட்டி போட்டே ஆகணும்னு அடம் பிடிச்சா மட்டும்தான் கஷ்டம். அப்புறம் டெர்மினலே எழுத்தைச் சேர்த்து வரையத் தெரிஞ்சதா இருக்கணும், இல்லைன்னா "கெ"ல கொம்பு பின்னாடி போய் நிக்கும். கிட்டி இதைப் பண்ணும், அலாக்ரிட்டி பண்ணாது. உங்க யூசர் எதை வச்சிருக்காருன்னு உங்களால முடிவு பண்ண முடியாது, ஹெல்ப் பக்கத்துல ஒரு வரி எழுதி வைக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: ஆப் நடுவுல கிராஷ் ஆச்சுன்னா அதுக்கப்புறம் டெர்மினல்ல டைப் பண்றது எதுவும் தெரியல, மவுஸை நகர்த்தினா குப்பை எழுத்தா கொட்டுது. ஜன்னலை மூடித் திறக்கிறதைத் தவிர வேற வழி?

பதில்: குருட்டாம்போக்குல கன்ட்ரோல்-ஜே அழுத்துங்க, "ரீசெட்"ங்கற கமாண்டை டைப் பண்ணுங்க, மறுபடி கன்ட்ரோல்-ஜே. தெரியலைனாலும் போய்ச் சேரும். என்டர் ஏன் இல்லன்னா, அந்த நிலைமைல என்டர் அனுப்புற 13ஐ யாரும் 10ஆ மாத்தித் தர மாட்டாங்க, கன்ட்ரோல்-ஜே நேரா 10ஐயே அனுப்பும். இது மேக், லினக்ஸ்ல. விண்டோஸ்ல ஜன்னலை மூடித் திறக்கிறதுதான் சுலபம்.

ஆனா வைத்தியத்தை விட வராம பாத்துக்கிறது முக்கியம். உங்க ஆப் ஆரம்பிக்கிறப்ப டெர்மினலை நாலஞ்சு இடத்துல மாத்துது, டைப் பண்றதைத் திரைல காட்டுற எதிரொலியை நிறுத்துது, வரிவரியா படிக்கிறதை நிறுத்துது, கர்சரை மறைக்குது, மவுஸைக் கேட்குது, 1049ங்கற எண்ணை அனுப்பி மாற்றுத் திரைக்குப் போகுது. செத்தா எல்லாத்தையும் திருப்பி வைக்க ஆள் இல்ல. பைத்தான் கர்சஸ்ல ராப்பர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, மெயினை அதுக்குள்ள குடுங்க, மவுஸை நீங்க தனியா எஸ்கேப் கோட் அனுப்பிக் கேட்டிருந்தா அதை மட்டும் நீங்களே நிறுத்துங்க. ரஸ்ட்ல பேனிக் ஹூக், அதாவது புரோகிராம் விழறப்ப ஓடுற ஒரு ஃபங்ஷன், வைக்கணும், ரேட்டடூயியோட புது இனிட் ஃபங்ஷன் அதைத் தானே வச்சுடும். கோ லாங்குவேஜ்ல ஃபங்ஷன் முடியறப்ப தானா ஓடுற டிஃபர் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, நீங்க கூடவே ஓட தனியா கிளப்பிவிட்ட ஒரு கோரூட்டின்ல பேனிக் ஆச்சுன்னா மெயின்ல இருக்கிற டிஃபர் ஓடாமலே மொத்த புரோகிராமும் விழும், அதுக்குள்ளயும் பேனிக்கைப் பிடிக்கிற ரெக்கவரைத் தனியா போடணும். அப்புறம் பிழைச் செய்தியை டெர்மினலைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்த பிறகு அச்சடிங்க, முன்னாடி அடிச்சா மாற்றுத் திரையோட சேர்ந்து அதுவும் மறைஞ்சுடும், ஏன் செத்துச்சுன்னே தெரியாது.

இதோட ஒட்டின விஷயம், டீபக் பண்ண பிரிண்ட் போடாதீங்க, அது நேரா உங்க அழகான திரை மேலதான் விழும். லாகை ஒரு ஃபைலுக்கு எழுதி, பக்கத்துல இன்னொரு ஜன்னல்ல அதை ஓட விட்டுப் பாருங்க.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் வழியா தூரத்து மெஷின்ல ஓட்டினா திரை மின்னுது. ஒவ்வொரு செகண்டும் ரெஃப்ரெஷ் பண்றேன், அதுக்கே இப்படியா?

பதில்: கர்சஸ்ல "கிளியர்" கூப்பிடுறீங்களா? பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் பண்றாங்க. கிளியர் சொன்னா அடுத்த தடவை முழுத் திரையையும் அழிச்சு முதல்ல இருந்து அனுப்புன்னு அர்த்தம். "இரேஸ்"னு இன்னொண்ணு இருக்கு, அது உங்க பக்கத்து நோட்டை மட்டும் அழிக்கும், அப்புறம் லைப்ரரி பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு மாறின எழுத்தை மட்டும் அனுப்பும்.

கர்சஸ் பொறந்ததுக்கு இந்த ஒப்பீடும் ஒரு பெரிய காரணம். 80க்கு 24ன்னா 1920 எழுத்து, 300 பாட் மோடம்ல செகண்டுக்கு 30 எழுத்து, அப்ப முழுத் திரை வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஒவ்வொரு எழுத்துக்கும் அழுதாங்க. இன்னிக்கு வேகம் வந்தும் அதே ஒப்பீடுதான் மின்னாம காப்பாத்துது. சொந்தமா எஸ்கேப் கோட் அனுப்பறவங்க ஒரு ஃப்ரேம் முழுக்க ஒரு பஃபர்ல சேர்த்து ஒரே ரைட்ல தள்ளுங்க. 2026ங்கற மோடை ஆன் பண்ணிட்டு எழுதி, முடிச்சதும் ஆஃப் பண்ணினா, ஆதரிக்கிற டெர்மினல் எல்லாம் முழு ஃப்ரேமையும் ஒண்ணா காட்டும், தெரியாத டெர்மினல் சும்மா விட்டுடும்.

கேள்வி: கலர் எத்தனை வரைக்கும் போகலாம்?

பதில்: பதினாறு. 256 இருக்கு, 24 பிட் இருக்கு, எல்லாம் தெரியும். ஆனா அந்தப் பதினாறு மட்டும்தான் யூசர் தன் தீம்ல தானே தேர்ந்தெடுத்தது, வெள்ளைப் பின்னணி வச்சிருக்கிறவருக்கும் படிக்கிற மாதிரி வரும். நீங்க ஆசையா போட்ட இளமஞ்சள் அங்க கண்ணுக்கே தெரியாது. நோ-கலர்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வழக்கம் இருக்கு, அது செட் ஆகியிருந்தா கலரையே விட்டுடுங்க.

கேள்வி: டர்போ பாஸ்கல் காலத்து ஆள் நான். அந்த நீலத் திரை, நிழல் விழுற பெட்டி, மெனு எல்லாம் இப்ப எந்த லைப்ரரிலயும் அவ்வளவு முழுசா இல்லைன்னு எனக்குத் தோணுது. கிழவன் புலம்பலா?

பதில்: புலம்பல் இல்லைங்க ஐயா, பாதி நிஜம். 1990ல டர்போ பாஸ்கல் 6ஓட போர்லாண்ட் குடுத்த டர்போ விஷன்ல ஒண்ணு மேல ஒண்ணு விழுற ஜன்னல், டயலாக், மெனு, மவுஸ், ஹெல்ப் எல்லாம் முதல் நாளே இருந்துச்சு. அதுக்கு ஒரு சௌகரியம், எழுதினது நேரா வீடியோ மெமரிக்கு, நடுவுல டெர்மினல்ங்கற அந்தத் தெரியாத ஆள் இல்ல, கீபோர்டும் நேரா. ஃப்ரீ பாஸ்கல்ல ஃப்ரீ விஷன்னு அதோட வாரிசு இருக்கு, அவங்களோட டெக்ஸ்ட் ஐடிஇயே (கோட் எழுதி ஓட்டுற எடிட்டர்) அதுலதான் கட்டினது, லினக்ஸ்லயும் விண்டோஸ்லயும் ஓடும், எடுத்துப் பாருங்க. இப்போதைய ஆளுங்கள்ல டெர்மினல்.குய் அந்த வாசனைக்குக் கிட்ட வரும். மிட்நைட் கமாண்டர் எழுதின மிகெல் டி இகாசாதான் அதையும் ஆரம்பிச்சவர்ங்கறதால அது ஆச்சரியமும் இல்ல.

கேள்வி: எனக்குப் பார்வை இல்ல, ஸ்கிரீன் ரீடர் வச்சுதான் வேலை பார்க்கிறேன். கமாண்ட் லைன் எனக்கு ரொம்ப வசதி. ஆனா இப்ப வர்ற இந்த அலங்கார டெர்மினல் ஆப்ல எதுவுமே புரியல, கோடு, கட்டம், சுத்துற சக்கரம் எல்லாத்தையும் படிச்சுத் தள்ளுது. எழுதுறவங்களுக்குச் சொல்லுங்களேன்.

பதில்: சொல்றேங்க. இதை எழுதுறவங்க நிறைய பேர் "டெக்ஸ்ட்தானே, ரீடர் படிச்சுடும்"னு நினைச்சுக்கிறாங்க. வெப் பேஜ்ல இது பட்டன், இது தலைப்புன்னு ரீடருக்குச் சொல்ல வழி இருக்கு, டெர்மினல்ல அப்படி ஒரு பாஷையே கிடையாது, இருக்கிறது கட்டம் கட்டமா எழுத்து மட்டும். ஒரு மூலைல கடிகாரம் ஓடினாலும் ரீடர் அதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கும்.

அதனால ஆப் எழுதுறவங்க எல்லாருக்கும், ஒரு பிளெயின் மோடு வைங்க. ஒரு ஆப்ஷன் குடுத்தா பெட்டி, அனிமேஷன், மாற்றுத் திரை எதுவும் இல்லாம, கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரின்னு போகணும். அவுட்புட் டெர்மினலுக்குப் போகாம ஃபைலுக்கோ பைப்புக்கோ போறப்பவும் தானா அந்த மோடுக்கே போகட்டும், அதைக் கண்டுபிடிக்க எல்லா லாங்குவேஜ்லயும் ஒரு ஃபங்ஷன் இருக்கு. வேலை செய்யற கோடையும் திரை வரையற கோடையும் தனித்தனியா வச்சிருந்தா இது ஒரு நாள் வேலைதான், ரெண்டும் பின்னிக் கிடந்தா டெஸ்ட் எழுதவும் முடியாது, இதையும் பண்ண முடியாது. நிஜ கர்சரை மறைச்சுட்டு கலர்ல மட்டும் "இந்த வரி தேர்வாச்சு"ன்னு காட்டுற பழக்கத்தையும் விடுங்க, கர்சரை அந்த வரில கொண்டுபோய் வச்சா நிறைய ரீடர் அந்த வரியைப் படிக்கும்.

கேள்வி: மவுஸ் சப்போர்ட் போட்டேன், இப்ப யூசருங்க "டெக்ஸ்டை செலக்ட் பண்ணி காப்பி பண்ண முடியல"ன்னு சண்டைக்கு வர்றாங்க.

பதில்: மவுஸை நீங்க கேட்டு வாங்கிட்டீங்க, டெர்மினலுக்கு அது இல்ல. ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு இழுக்கச் சொல்லுங்க, பெரும்பாலான டெர்மினல்ல வேலை செய்யும், மேக்ல ஐடெர்ம்2ல ஆப்ஷன் கீ. அதை ஹெல்ப்ல எழுதுங்க, கூடவே மவுஸை ஆஃப் பண்ண ஒரு செட்டிங் வைங்க. லிஸ்ட்ல ஸ்க்ரோல் பண்றதைத் தவிர வேற எதுக்கும் மவுஸ் வேண்டாம்னா முதல்லயே ஆஃப்ல வச்சுடுங்க.